சாண் கணக்கில் அளந்த படங்கள்

பாடசாலையில் 31 வருடம் சித்திரம் படிப்பித்தேன். அதில் பெரும்பகுதி, நான் கண்ணால் காணாத படங்களைப் பற்றிப் பேசியே போனது. வான் கோவின் சூரியகாந்தி, வான் ஐக்கின் ஆர்னோல்ஃபினி தம்பதி, ஹோல்பைனின் தூதுவர்கள், டர்னரின் கப்பல். பழைய கலண்டர்களிலும் சஞ்சிகைகளிலும் இருந்து வெட்டி, மட்டையில் ஒட்டி, பொலித்தீன் உறை போட்டு வைத்திருந்தேன். 90இல் வீட்டை விட்டுப் போனபோது அவை அலுமாரிக்குள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால், கறையான் தின்றது போக ஒன்பது மட்டை மிஞ்சியிருந்தது. ஓய்வு பெறும் வரைக்கும் அந்த ஒன்பதையும்தான் வகுப்பில் கைக்குக் கை மாற்றிக் காட்டினேன்.

அந்த மட்டைகளில் ஒரு பொய் இருந்தது. எல்லாப் படமும் தபாலட்டை அளவு. ஏழு அடிப் படமும் மூன்றடி கூட வராத படமும் பிள்ளைகளின் கையில் ஒரே அளவாக இருந்தன. "இது எவ்வளவு பெரிசு ரீச்சர்?" என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

தம்பி குடும்பம் லண்டனில் ஹரோவில் இருக்கிறது. ஜூன் மாதம் போய் ஆறு கிழமை நின்றேன். "எங்க போக வேணும் அக்கா? அரண்மனையா, டவர் பிரிட்ஜா?" என்று தம்பி கேட்டான். நான் ஒன்பது மட்டைகளின் பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தம்பியின் மகள், என் மருமகள், பதினேழு வயதுப் பிள்ளை, போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமி, இதில அஞ்சு ஒரே இடத்தில இருக்கு" என்றாள்.

அந்த இடம் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நஷனல் கலரி. ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டோனில் ஏறினால் பேக்கர்லூ ரயில் நேரே சாரிங் கிராஸில் இறக்கிவிடும். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். ரிக்கெற் இல்லை, பணம் இல்லை. 1824இல் 38 படங்களோடு தொடங்கிய கலரி அது. இன்று அங்கே 2,300 படங்களுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையும் யாரும் சும்மா போய்ப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் கட்டணம். வெள்ளிக்கிழமைகளில் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். நாங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் போனோம். கூட்டம் குறையும். வெளியே வரும்போதும் வானத்தில் வெளிச்சம் இருக்கும்.

முதலில் தேடிப் போனது ஆர்னோல்ஃபினி தம்பதியை. 1434இல் ஓக் பலகையில் வரைந்தது. பெரிய படம் என்று ஏனோ நினைத்திருந்தேன், நாங்கள் சுவரில் மாட்டும் கல்யாணப் படத்தைப் போல. கிட்டப் போனால் சின்னது. படத்தைத் தொட முடியாதே, அதனால் தள்ளி நின்று காற்றில் கையை விரித்துச் சாண் போட்டேன். நாலு சாணுக்குக் கொஞ்சம் குறைய உயரம், மூன்று சாணுக்குக் கொஞ்சம் குறைய அகலம். அதற்குள் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு நாய், சன்னலோரம் தோடம்பழங்கள், தொங்கும் விளக்கில் எரிகிற ஒற்றை மெழுகுதிரி. பின்சுவரில் ஒரு குண்டுக் கண்ணாடி. என் மட்டையில் அது வெறும் புள்ளி. "அந்தக் கண்ணாடியில் இருவரின் முதுகும் தெரியும், வாசலில் இன்னும் இரண்டு பேர் நிற்பதும் தெரியும்" என்று நான் எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! புத்தகத்தில் வாசித்ததைச் சொன்னேன். அன்றைக்குத்தான் கண்டேன். உள்ளங்கையை விடச் சின்னக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பத்துச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் யேசுவின் பாடுகளில் ஒரு காட்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் காற்றில் சாண் போடுவதைக் கண்டு, காவலுக்கு நின்ற பெண்மணி பக்கத்தில் வந்தார். மருமகள் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள், மாமி சித்திர ரீச்சர், ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக அளக்கிறா என்று. அவர் தன்னுடைய கையையும் விரித்துப் பார்த்தார். பென்சிலும் கொப்பியும் இருந்தால் படத்துக்கு முன்னால் இருந்தே கீறலாம் என்றும் சொன்னார். அடுத்த முறை பென்சிலோடு போனேன்.

அப்படியே ஹோல்பைனிடம் போனால், இது ஒன்பதரைச் சாண்! எண்சாண் உடம்பு என்கிறோமே, அந்த மனிதர்கள் கிட்டத்தட்ட உண்மையான ஆள் உயரத்தில் நிற்கிறார்கள். 1533ஆம் ஆண்டுப் படம். பச்சைத் திரை, துருக்கிக் கம்பளம், ஒரு நரம்பு அறுந்த வீணை போன்ற வாத்தியம். காலடியில் சரிந்து நீண்ட ஒரு சாம்பல் நிறக் கறை. மட்டையைச் சரித்துப் பிடித்தால் அது மண்டையோடாகத் தெரியும் என்று வகுப்பில் சொல்வேன். ஆனால் தபாலட்டையைச் சரிப்பது வேறு, தானே நடந்து போய்க் காண்பது வேறு. மருமகள் படத்தின் வலது ஓரத்துக்குப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்று, "மாமி, இங்க வாங்கோ! இங்க நிண்டாத்தான் தெரியும்!" என்று கூப்பிட்டாள். ஓவியர் நம்மை நடக்க வைக்கிறார். இரண்டு பெரிய மனிதரையும் முன்னால் நின்று பார்த்துவிட்டு, அந்த இடத்தை விட்டுப் போகும்போதுதான் சாவு கண்ணில் படுகிறது. இதைத் தபாலட்டையை வைத்து நான் எப்படிப் படிப்பித்திருக்க முடியும்?

சூரியகாந்திக்கு முன்னால் எப்போதும் போன் தூக்கிய கூட்டம். இருபது நிமிடம் காத்திருந்தோம். நாலேகால் சாண் உயரம். விதைப் பகுதியில் சாயம் பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கிறது, பக்கவாட்டில் நின்றால் அதன் நிழல்கூடத் தெரிகிறது. பூ மஞ்சள், சாடி மஞ்சள், மேசை மஞ்சள், பின்சுவரும் மஞ்சள். மஞ்சள் பூவுக்குப் பின்னால் நீலம் போடு, அப்போதுதான் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். மஞ்சளுக்கு மஞ்சளே போட்ட பிள்ளைகளுக்குப் புள்ளி குறைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் யாராவது இதை வாசித்தால், ரீச்சர் செய்தது பிழை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

லியொனார்டோவின் கரிக்கோட்டு ஓவியம் மங்கிய வெளிச்சத்தில் இருக்கிறது. கன்னி மரியா, தாய் அன்னம்மாள், இரண்டு குழந்தைகள். வெளிச்சம் பட்டால் தாளுக்குக் கூடாது என்பதால் அப்படி. கரியும் வெள்ளைச் சோக்கும்தான், நிறம் இல்லை. எட்டுத் தாள்களை ஒட்டிப் பெரிதாக்கிய தாள் அது, ஒட்டின கோடுகள் தெரிகின்றன. 1962இல் இதை நாட்டுக்காக வாங்க 8 இலட்சம் பவுண் தேவைப்பட்டபோது, பொதுமக்களிடம் காசு சேர்த்தார்கள். எனக்கு ஞாபகம் வந்தது வாணி விழா. மேடைக்குப் பின்திரை கீறுவதற்கு டிமைத் தாள்களை நிலத்தில் பரப்பி, கோதுமை மாவில் பசை காய்ச்சி, பிள்ளைகளும் நானும் முழங்காலில் நின்று ஒட்டுவோம். லியொனார்டோவும் தாளைத் தாளோடு ஒட்டித்தான் தொடங்கியிருக்கிறார். அன்னம்மாள் மேலே காட்டும் கை வெறும் கோடாக நிற்கிறது. முடிக்காத கை. ஆனால் அதில் நடுக்கம் இல்லை.

டர்னரின் கப்பலைப் பற்றி எழுதுவதற்கு முன் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் திருகோணமலை டொக்யார்ட்டில் தச்சராக வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போகும் வரைக்கும் அங்கேதான். பழைய கப்பலை இழுவைப் படகு இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் செத்தவீட்டுக்குப் போவதுபோல இருக்கும் என்று சொல்வார். டர்னர் வரைந்தது அதே காட்சியைத்தான். 1805இல் ட்ரஃபால்கர் கடற்போரில் நின்ற 'டெமரேர்' என்ற கப்பலை, 1838இல் உடைப்பதற்காகத் தேம்ஸ் ஆற்றில் இழுத்துப் போனார்கள். இழுக்கும்போது அதற்குப் பாய்மரங்களே இல்லை, முன்பே கழற்றிவிட்டார்கள். டர்னர் திரும்பவும் பாய்மரங்களை நிறுத்தி வைத்து வரைந்திருக்கிறார். இது சரித்திரப் பிழை என்று சிலர் சொல்லலாம். என் அப்பாவாக இருந்தால், கடைசிப் பயணத்தில் உடுப்பில்லாமல் அனுப்பலாமா என்று கேட்டிருப்பார். முன்னால் கறுத்த இழுவைப் படகு புகை கக்குகிறது, பின்னால் கப்பல் வெள்ளையாக, ஆவி மாதிரி வருகிறது. டர்னர் இதை யாருக்கும் விற்காமல் சாகும் வரை தன்னோடு வைத்திருந்தார். தம்பி எனக்குக் கைச்செலவுக்குத் தந்த 20 பவுண் தாளில்கூட டர்னரின் முகமும் அந்தக் கப்பலும் இருக்கின்றன. ஒன்றை மாற்றாமல் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு போர்க்கப்பல் அந்த நாட்டில் இன்னும் மிதக்கிறது. எச்.எம்.எஸ். ட்ரிங்கொமலி. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. வடகிழக்கு இங்கிலாந்தில் ஹார்ட்ல்பூல் என்ற துறைமுக ஊரில் நிற்கிறது. டெமரேரை உடைத்து விறகாக்கிவிட்டார்கள், திருகோணமலை மிதந்துகொண்டிருக்கிறது. தூரம் அதிகம் என்பதால் என்னால் போக முடியவில்லை. அடுத்த முறை போவேன்.

சரி, மற்ற இடங்கள். டேட் மொடர்ன் பழைய மின்சார நிலையம், 2000இல் திறந்தது. கட்டடம் பிடித்தது, படங்களில் மனம் நிற்கவில்லை. களைப்பாகவும் இருந்திருக்கலாம். ஒரு நாளில் ஐந்து படத்துக்கு மேல் பார்க்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

ரோயல் அகடமியின் கோடைக் கண்காட்சிக்கு ரிக்கெற் வாங்கிப் போனோம். 1769 முதல் ஒரு வருடமும் விடாமல் நடக்கிறது. படித்த ஓவியர், பெயர் பெற்ற ஓவியர் என்றில்லை, யாரும் அனுப்பலாம். தேர்ந்தவற்றைச் சுவரில் கீழிருந்து மேல்வரை நெருக்கி மாட்டுகிறார்கள், தலைக்கு மேலே எட்டாத உயரத்திலும். விற்ற படத்துக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்புப் பொட்டு. பெரிய ஓவியரின் படத்துக்கு அருகில் முன்பின் தெரியாத ஒருவரின் படம். எங்கள் ஊரில் என் பிள்ளைகளின் படங்களை மாட்டுவதற்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் பாடசாலை மண்டபமும் வாணி விழாவின் பத்து நாளும்தான். விழா முடிந்ததும் கழற்றிச் சுருட்டிக் கட்டி வைப்போம். அந்தச் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்து நிற்கும்போது, ஏ.எல். முடித்ததும் தூரிகையை வைத்துவிட்டுப் போன பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அதைவிட எனக்கு நெருக்கமாக இருந்தது தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த கண்காட்சி. அந்த வட்டாரத்தில் ஓய்வு பெற்றவர்கள் கூடி நடத்துவது. மடக்கு மேசையில் தேத்தண்ணியும் கேக்கும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், தான் ஓடிய பாதையின் தரிப்பிடங்களை ஒவ்வொன்றாக நீர்வர்ணத்தில் வரைந்திருந்தார். மழையில், பனியில், விடிகாலையில். இருபதுக்கு மேல். கோடு அங்கங்கே பிசகியிருந்தது. ஆனால் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவரிடம் கையைப் பிடித்துச் சொன்னேன், நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று. மருமகள் மொழிபெயர்த்தாள்.

கடைசியாக பிரிட்டிஷ் மியூசியம். நான் உண்மையில் லண்டனுக்குப் போனதே இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

33ஆம் இலக்க அறை. சீனாவும் தெற்காசியாவும். அதில் தாரா நிற்கிறாள். எட்டாம் நூற்றாண்டு, வெண்கலத்தில் திண்மையாக வார்த்து மேலே பொன் பூசியது. 143 சென்ரிமீற்றர் உயரம். மருமகள் எழுத்துப்பலகையை வாசித்துவிட்டு நிமிர்ந்து, "மாமி, இது உங்கட ஊரா?" என்றாள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது. 1812 முதல் 1820 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த பிரவுன்றிக், 1830இல் மியூசியத்துக்குக் கொடுத்தார்.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் என்றால் எனக்கு அது எழுத்தில்லை. சின்ன வயதில் மட்டக்களப்பில் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். பாலங்கள் வராத காலம். கிண்ணியாவில் ஒன்று, வெருகலில் ஒன்று என்று பாதை என்கிற மிதவையில் ஏறி இறங்கி, பஸ்ஸும் ஏறி, ஆட்களும் ஏறி, ஆற்றைக் கடக்கும்போது அம்மா கட்டுச்சோற்றை அவிழ்ப்பா. அந்த வழியில் எங்கோ இவள் மண்ணுக்குள் கிடந்திருக்கிறாள்.

இடுப்புக்கு மேலே உடுப்பில்லை. கீழே உடம்போடு ஒட்டிய மெல்லிய சீலை. உயர்த்திக் கட்டிய கொண்டையில் ஒரு குழி, கல் பதித்திருந்த இடமாயிருக்கும். வலது கை கீழே நீண்டு, உள்ளங்கை எங்களைப் பார்த்து விரிந்திருக்கிறது. தருகிற கை. இந்த வடிவைப் பொதுமக்கள் பார்ப்பது தகாது என்று முப்பது வருடமளவில் பின்னறையில் வைத்திருந்தார்களாம். எங்கள் கரையில் ஒரு சிற்பி தாய்மையும் அழகும் என்று கண்டு வார்த்ததை இப்படி ஒளித்து வைத்தார்கள் என்று நினைக்க எனக்கு வலித்தது.

நான் சைவக்காரி. தாரா மகாயான பௌத்தத்தின் தெய்வம். ஆனால் அவளுக்கு முன்னால் கை தானாகக் கூப்பியது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே நிற்கும்போது கோணேசர் கோயில் விக்கிரகங்கள் நினைவுக்கு வந்தன. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடிக்கும் காலத்தில் புதைத்து வைத்த சோமாஸ்கந்தரும் அம்பாளும் சந்திரசேகரரும், 1950இல் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி நகரசபை கிணறு வெட்டும்போது வெளிப்பட்டார்கள். ஊர்வலமாகக் கொண்டுபோனபோது அப்பாவும் அந்தச் சனத்துக்குள் நின்றவர். 1963இல் கோயிலில் எழுந்தருளச் செய்தார்கள். இந்தக் கரையின் மண்ணில் கிடந்த வெண்கலங்களில், எங்களுக்குத் திரும்பக் கிடைத்தவர்களுக்குப் பாலும் எண்ணெயும் வார்க்கிறோம். தாராவுக்கு ஒரு பூ இல்லை. அவள் ஊர் திரும்ப வேண்டும் என்றுதான் என் மனம் சொல்கிறது.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சின்ன வயது முதல் சிவராத்திரிக்குப் பின் சுவாமி நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைத்து நின்றவள் நான். பட்டுக்கும் மாலைக்கும் நடுவில் முகமும் கையும் மட்டும் தெரியும். கும்பிடுவதற்கு அது போதும். ஒரு வெண்கலத்தின் தோள் எப்படி இறங்குகிறது, வயிற்றில் மடிப்பு எங்கே விழுகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை 62 வயதில் லண்டனில்தான் முதல்முறை பார்த்தேன். எங்கள் கரையில் வார்த்த வெண்கலத்தின் வடிவை அங்கே போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த இரண்டு எண்ணமும் எனக்குள் ஒன்றையொன்று விடாமல் இருக்கின்றன.

என் சாணில் அவள் ஆறரை. அவளுடைய கையால் அளந்தால் எட்டு வருமாயிருக்கும்.

திரும்பி வந்து மூன்றாம் ஞாயிறு, விறாந்தையில் சித்திரம் பழக வரும் பிள்ளைகள் ஏழு பேரையும் மதிலடிக்குக் கூட்டிப்போனேன். மட்டைகளை அலுமாரியிலேயே விட்டேன். அளவுநாடாவும் வெண்கட்டியும் கொடுத்து, "இன்றைக்குப் படம் கீறுவதில்லை, படத்தின் ஓரம் மட்டும் கீறுவோம்" என்றேன். ஆர்னோல்ஃபினிக்கு 82க்கு 60. சூரியகாந்திக்கு 92க்கு 73. டர்னருக்கு 91க்கு 122. லியொனார்டோவின் எட்டுத் தாளுக்கு 141க்கு மேல், தாராவோடு பார்த்தால் இரண்டு சென்ரிமீற்றர்கூட வித்தியாசமில்லை. பிள்ளைகள் வெறும் பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்று பார்த்தார்கள். "இவ்வளவுதானா?" என்றான் ஒருவன் ஆர்னோல்ஃபினியைப் பார்த்து. அந்தக் கேள்விக்காக நான் 31 வருடம் காத்திருந்திருக்கிறேன். உள்ளே கண்ணாடியின் இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுக் காட்டினேன்.

தாராவுக்குக் கோடு போட்டதும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சப்பாத்தைக் கழற்றிவிட்டு மதிலோடு சாய்ந்து நின்றாள். தலை கோட்டில் சரியாகத் தட்டியது. வலது கையைக் கீழே விட்டு உள்ளங்கையை விரி என்று சொல்லி, அவளைச் சுற்றி வெண்கட்டியால் கோடு இழுத்தேன். அவள் விலகியதும் மற்றப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தூதுவர்கள்தான் மிச்சம். அவர்களுக்கு 207 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும், எங்கள் மதில் ஐந்தரை அடி. பக்கத்து வீட்டு நானாவின் வீட்டுப் பக்கச் சுவரில் சன்னல் இல்லை, பெருநாளுக்கு வெள்ளை பூசியது இன்னும் அப்படியே இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன். "வெண்கட்டி தானே ரீச்சர், கழுவினாப் போகும், கீறுங்க" என்றார். ஏணியும் அவரிடமே இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குவோம்.